பொதுவழியில் தோடி

ராஸ்பெர்ரி பை 3 என்னும் உள்ளங்கை அளவுக் கணினியின் ஓரத்தில் நெட்வொர்க் கேபிள் செருக ஒரு துளையும் யுஎஸ்பி செருக நான்கு துளைகளும் இருக்கின்றன. பார்வைக்கு ஐந்தும் தனித்தனி. உள்ளே ஐந்தும் ஒரே சிப்பில் வந்து கூடி, அங்கிருந்து ஒரே யுஎஸ்பி 2.0 வழியாகத்தான் கணினியின் மூளைக்குப் போகின்றன. ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் பாட்டு அந்த வழியாக உள்ளே வர வேண்டும். வந்த பாட்டு நெட்வொர்க்குக்குப் போவதற்கும் அதே வழியில்தான் திரும்ப வேண்டும். ஏட்டில் அந்த வழியின் கொள்ளளவு விநாடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு. கிடைப்பதையும் வருவதும் போவதும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இந்தக் கணினியின் முதல் மாடல் 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. நான்கு ஆண்டு கழித்து அதே பிப்ரவரி 29 அன்று வந்த மூன்றாம் மாடலுக்கும் அதே விலை. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் வடிவமைத்தார்கள். உலகமெங்கும் வீடுகளில் அது பாட்டுப் பெட்டியாகவும் படப் பெட்டியாகவும் ஆனது. விலை ஏறாமல் இருந்ததற்கு ஒரு காரணம், இரண்டு சிப் செய்ய வேண்டிய வேலையை ஒன்று செய்ததுதான். மலிவாகச் செய்த எந்தக் கருவியைத் திறந்து பார்த்தாலும் பெரும்பாலும் இந்த ஏற்பாடே கண்ணில் படுகிறது. தனித்தனியாக இருந்திருக்கக்கூடியவை எதையோ ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. பகிர்வு நாள் முழுக்க ஒழுங்காக நடக்கும். இரண்டு தேவைகள் ஒரே கணத்தில் ஒரே இடத்துக்கு வரும்போது ஒன்று காத்திருக்க வேண்டும். காத்திருக்க நேரமில்லாதது பாட்டாக இருந்தால், பாட்டு அறும். வீட்டு மீடியா சர்வரில் ஏற்படும் தடங்கல்களை இத்தனை காலம் துருவியதில் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு திறவுகோல்தான்: எது கெட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதைவிட, எது எதனோடு எதைப் பங்கிடுகிறது என்று தேடுவது.

எங்கள் சர்வர் மேற்கு மாம்பலத்தில் ஒரு வாடகை அடுக்ககத்தில் இருக்கிறது. ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு பை 3, கேபிளால் ரவுட்டரோடு இணைந்தது. அதில் தொங்கும் பழைய போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க். ஹாலில் ஸ்பீக்கரோடு சேர்ந்த சின்ன பிளேயர், வைஃபையில். சுவரில் டிவி. டிஸ்க்கில் உள்ள படங்கள் வேறெங்கும் கிடைக்கும். பெரியப்பா திருச்சி வானொலியிலிருந்தும் தஞ்சைப் பக்கத்துக் கோயில் கச்சேரிகளிலிருந்தும் கேசட்டில் பிடித்துவைத்தவை அப்படியல்ல. பெரும்பாலும் நாதஸ்வரம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ரெக்கார்டாக வந்து பல கைகளில் பிழைத்திருக்கிறது. அவரைக் கேட்டு வளர்ந்து, ஊர்த் திருவிழாவில் விடிய விடிய அதே ராகத்தை வாசித்து, ஒரு ரெக்கார்டும் கொடுக்காமல் போனவர்களின் தோடி, கேசட் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய பெயரோடு இந்த டிஸ்க்கிலும் அதன் பிரதிகளிலும் மட்டும்தான் இருக்கிறது. பெரியப்பா இல்லை. கேட்பவர் பெரியம்மா.

பழுதுபார்க்கும் எந்தக் கருவியையும்விட அவர் காது நுட்பமானது. நாதஸ்வர ஆலாபனையில் மௌனமும் வாசிப்பின் பகுதி. ஒரு சஞ்சாரத்தை முடித்து, மூச்சு வாங்கி, அடுத்ததைத் தொடங்குமுன் விழும் இடைவெளியை வைத்தே வாசிப்பவரின் கனத்தைச் சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் சர்வர் ஏற்படுத்தும் மௌனத்தை எப்படிப் பிரித்தறிவது? நான் கேட்டதற்குப் பெரியம்மா யோசிக்கவே இல்லை.

"ஒத்தக் கேளுப்பா. அவர் நிறுத்தினா ஒத்து நிக்காது. இது ஒத்தும் சேர்ந்துல்ல போவுது."

ஒத்து என்பது கூடவே இடைவிடாமல் சுருதி பிடிக்கும் துணைக்குழல். கலைஞர் மூச்சு வாங்கும்போதும் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். அதுவும் நின்றால் நின்றது கச்சேரி அல்ல. இதோடு மூன்றாவது வகை ஒன்றையும் அவர் காட்டினார். ஒரு கேசட்டில், காம்போதி நடுவில், ஒத்தும் இல்லை, குழலும் இல்லை. ஆனால் டேப்பின் இரைச்சல் மட்டும் இருக்கிறது. அது அன்றைக்கு ஒலிபரப்பே விழுந்த இடம். எத்தனை முறை போட்டாலும் அதே விநாடியில் வரும். எங்கள் சர்வரின் மௌனத்தில் இரைச்சல்கூட இருக்காது. மறுமுறை போட்டால் அதே இடத்தில் வராது. ஒத்து, இரைச்சல், வெறுமை என்ற இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் எங்கள் தேடலே தொடங்கியது. நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் மணி, ராகம், ஒத்து நின்றதா இல்லையா என்று அவர் குறித்துவைப்பார். சர்வர் தானாக எழுதும் லாகை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பது என் வேலை.

ஒரு புதிர் எங்களை நெடுநாள் நிறுத்திவைத்திருந்தது. டிவியில் படம் தடையில்லாமல் ஓடும். ஹாலில் பாட்டு அறும். கணக்குப்படி இது தலைகீழ். சிடி தரத்தில் ஒலிக்கு விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடம். பெருக்கினால் 1,411 கிலோபிட். தரம் குறையாமல் ஃப்ளாக் வடிவில் சுருக்கினால் அதில் ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை ஆகும். நல்ல முழு எச்டி படம் ஒன்றுக்கு 8 முதல் 10 மெகாபிட் வேண்டும். ப்ளூரே வட்டில் காட்சிக்கு மட்டும் 40 மெகாபிட் வரை போகலாம். பத்து மடங்கு சுமையைத் தாங்கும் வழி ஒரு மடங்கு சுமையில் ஏன் இடற வேண்டும்?

வழியின் அகலத்தில் குறையில்லை. நேரத்தில்தான் குறை. டிவியில் நிறைய நினைவகம் உண்டு. படத்தை முன்கூட்டியே அரை நிமிடத்துக்கோ அதற்கு மேலோ வாங்கி வைத்துக்கொண்டுதான் காட்டுகிறது. நடுவில் ஐந்து விநாடி ஒன்றும் வராவிட்டாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. ஹாலில் உள்ள மலிவு பிளேயரிடம் அந்த வசதி இல்லை. அது சேர்த்துவைப்பது சில விநாடிகளுக்கான பாட்டை மட்டுமே. வழி சராசரியாக எவ்வளவு தருகிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. ஒரேயடியாக எவ்வளவு நேரம் தராமல் இருக்கிறது என்பதே பொருட்டு. இணைப்பு வேகத்தைச் சோதித்து, 90 மெகாபிட் வருகிறதே என்று வியப்பதில் அதனால்தான் பயனில்லை. வேகச் சோதனை சராசரியைச் சொல்கிறது. பாட்டை அறுப்பது சராசரியில் கரைந்துபோன அந்த மூன்று விநாடி.

மாடித் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். மோட்டார் காலை ஆறு மணிக்கு நின்றுவிட்டது. குழாயில் பத்து மணிவரை தண்ணீர் வருகிறது. பத்து மணிக்கு வந்து குழாயைக் கழற்றிப் பார்ப்பவருக்கு அங்கே எந்தக் குறையும் அகப்படாது. பஃபர் என்று நாம் சொல்லும் இந்தச் சேமிப்பு தடங்கலைப் பொறுத்துக்கொள்கிறது, பொறுக்க முடியாதபோது காட்டிக்கொடுக்கிறது. ஆகவே பாட்டு நின்ற விநாடி, கோளாறு நிகழ்ந்த விநாடி அல்ல. பெரியம்மாவின் தாளில் 7.14 என்று இருந்தால் லாகில் அதற்குச் சில விநாடிகளுக்கு முன்னே போய்ப் பார்க்க வேண்டும். டிவி நின்றிருந்தால் இன்னும் அதிகமாகப் பின்னோக்கிப் போக வேண்டும். இதை விளங்கிக்கொள்ளாதவரை லாகில் உள்ளதெல்லாம் குற்றமற்றதாகவே தெரியும்.

பஃபரைப் பெருக்கிக்கொண்டே போனால் தீர்ந்துவிடும் என்று இதிலிருந்து தோன்றும். கேட்பவர் பக்கத்தில் இருக்கும் பஃபருக்கு அது பொருந்தும். வழி நடுவே இருக்கும் பஃபருக்குப் பொருந்தாது. எக்ஸ் விண்டோ மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ் 2010இல் தன் வீட்டு இணைப்பு ஏன் விட்டுவிட்டு மந்தமாகிறது என்று துருவத் தொடங்கினார். பல ஆண்டு நெட்வொர்க் அனுபவம் உள்ளவர் வீட்டு மோடத்தோடு மல்லுக்கட்டியதில் உலகம் முழுவதற்குமான ஒரு நோய் வெளிப்பட்டது. நினைவகம் மலிவானதால் மோடம், ரவுட்டர் என்று எல்லாவற்றிலும் அளவுக்கு மீறிய பஃபர் வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் பெரிய ஃபைலை அனுப்பினால் அந்தப் பஃபர் நிறைந்துவிடும். அவசரமாகப் போக வேண்டிய மற்றவர்களின் சிறு தரவுப் பொட்டலங்கள் அதன் பின்னால் நிற்க வேண்டும். எதுவும் தொலைவதில்லை, எல்லாம் தாமதமாகிறது. அவர் இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயரிட்டார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்கு ஒரு மருந்து கண்டார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, ஒரு பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார், அந்த நேரம் தொடர்ந்து மிஞ்சினால் பொட்டலங்களைக் கைவிடத் தொடங்கு. கைவிட்டால் அனுப்புபவர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார்.

அந்த ஜேக்கப்சனுக்கு இது முதல் சந்திப்பு அல்ல. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த போக்குவரத்து 40 பிட்டாக விழுந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கம்பி அறவில்லை, கருவி கெடவில்லை. பதில் வரவில்லையே என்று ஒவ்வொரு கணினியும் மறுபடி மறுபடி அனுப்பியதில் வழி அடைத்துக்கொண்டது. அவர் 1988இல் எழுதிய கட்டுரையின் வழிமுறைகள்தான், நெரிசல் தெரிந்தால் தானே முன்வந்து குறைத்துக்கொள்ளும் பழக்கத்தை இணையத்துக்குக் கற்றுக்கொடுத்தன. பொதுவழி ஒன்றில் எல்லோரும் எப்படிப் போய்வருவது என்பதைப் பற்றி நான் படித்த எழுத்துக்களில் இது எனக்கு மிக முக்கியமானது. எந்த மேலாளரும் இல்லாமல், யாரும் யாரையும் அறியாமல், பொட்டல இழப்பையும் தாமதத்தையும் மட்டுமே செய்தியாகக் கொண்டு ஒருவர் மற்றவருக்கு இடம்விடுகிறார்கள். கோடிக்கணக்கான கருவிகள் இந்தக் கணத்திலும் அதைச் செய்துகொண்டிருக்கின்றன.

வந்து போகும் கோளாறைப் பிடிப்பதில் உள்ள பெரிய சிரமம் சோதனையிலேயே இருக்கிறது. சங்கிலியைப் பாதியாகப் பிரித்துப் பார்ப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. டிஸ்க்கைத் தொடாமல் இரண்டு கணினிகளுக்கிடையே வெறும் தரவை அனுப்பும் ஐபெர்ஃப் என்ற நிரலை ஓட்டினால் நெட்வொர்க் மட்டும் தெரியும். நெட்வொர்க்கைத் தொடாமல் சர்வரிலேயே ஃபைலைப் படித்தால் டிஸ்க் மட்டும் தெரியும். நிலையான கோளாறாக இருந்தால் இத்தோடு முடிந்தது. மாலையில் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகும் கோளாறுக்கு இது போதாது. ஒன்றை மாற்றிவிட்டு, அன்று மாலை பாட்டு அறாவிட்டால் தீர்ந்தது என்று சொல்லலாமா? சராசரியாக ஒரு மாலைக்கு ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் கோளாறு என்று வைத்துக்கொண்டால், எதையுமே மாற்றாமல் விட்டாலும் ஒரு மாலை சும்மா கழிந்துபோக நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. மூன்று மாலைகள் தொடர்ந்து அப்படிக் கழிய நூற்றுக்கு 5. மூன்று மாலை பொறுக்காமல் செய்யும் எந்த முடிவும் அதிர்ஷ்டத்துக்கு நன்றி சொல்வதாகவே முடியும். அதற்குள் இன்னொன்றையும் மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பெரியம்மாவின் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது ஒரு வகைத் தடங்கல் தனியாகத் தெரிந்தது. ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில், அல்லது ஒரு கேசட் பக்கம் முடிந்து அடுத்தது வரும் இடத்தில், ஓரிரு வரி ஓடி நிற்கிறது. எல்லா நாளும் இல்லை. அவருக்குப் பிடித்த ஒரு தோடிக்குப் பிறகு மட்டும் பெரும்பாலும் நடக்கிறது. பிடித்த பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு. லினக்ஸ் ஒருமுறை படித்த ஃபைலை, இடம் இருக்கும்வரை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பை 3இல் 1 கிகாபைட் நினைவகம். இருபது நிமிட ஆலாபனை ஃப்ளாக்கில் 120 மெகாபைட்டுக்குப் பக்கத்தில் வரும். அவர் அதை "இன்னொரு தடவ போடுப்பா" என்று கேட்கும்போது சர்வர் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. நினைவகத்திலிருந்தே எடுத்துத் தருகிறது. போர்ட்டபிள் டிஸ்க்குகள் பல, பத்து நிமிடம்போல யாரும் தொடாவிட்டால் சுழல்வதை நிறுத்திவிடும். தோடி இருபது நிமிடம் ஒலிக்கிறது. அதற்குள் டிஸ்க் உறங்கிவிடுகிறது. அடுத்த பாட்டின் தொடக்கத் துணுக்கு ஏதாவது நினைவகத்தில் மிஞ்சியிருந்தால் அது ஒலிக்கும். அதற்கு மேல் வேண்டும்போது டிஸ்க்கை எழுப்ப வேண்டும். நின்ற தட்டு முழு வேகத்துக்கு வரப் பல விநாடிகள் ஆகும். பிளேயரிடம் அவ்வளவு சேமிப்பு இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கும் விருப்பமே டிஸ்க்கை உறங்கவைத்தது என்று கண்ட அன்று, இந்த மலிவுப் பெட்டியின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. ஒவ்வொரு உறுப்பும் தன் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறது. நினைவகம் டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்தது. டிஸ்க் மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. பிளேயர் இருந்ததை வாசித்தது. எதுவும் கெடவில்லை, பாட்டு மட்டும் நின்றது.

உறங்கும் நேரத்தைக் கட்டளையால் நீட்டிவிட்டதும் அந்த வகை நின்றது. ஆனால் டிஸ்க் எழும் கணம் இன்னொன்றையும் காட்டியிருந்தது. பை 3இல் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது அணையும். டிஸ்க் எழும்போதெல்லாம் அது ஒருமுறை கண் சிமிட்டியது. கையடக்க டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது ஏறக்குறைய ஒரு ஆம்பியர் கேட்கும். அதையும் கணினியின் சொந்தத் தேவையையும் ஒரே சார்ஜர், ஒரே மெல்லிய கேபிள் வழியாகத்தான் தர வேண்டும். கேபிளின் மின்தடை போக வர 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் பாயும்போது கேபிளிலேயே 0.4 வோல்ட் தொலைகிறது. சார்ஜரில் 5 வோல்ட் சரியாகவே இருக்கும். பெட்டிக்கு வந்து சேர்வது 4.6. உடனே கணினி தன் வேகத்தை 1.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 600 மெகாஹெர்ட்ஸாகப் பாதியாக்கிக்கொள்ளும். அழுத்தம் இன்னும் இறங்கினால் டிஸ்க் இணைப்பையே விட்டுவிடும்.

சென்னையில் மாலைகளில் பாட்டு அறுந்தால் வீட்டில் முதலில் சொல்வது வோல்டேஜ் குறைவு என்றுதான். மின்வாரியக் கம்பியில் அழுத்தம் இறங்குவது இங்கே பெரும்பாலும் பொருட்டில்லை. இந்தச் சார்ஜர்களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்ளக்கூடியவை. குறைவு ஏற்பட்டது தெருவில் அல்ல, ஒரு மீட்டர் கேபிளுக்குள். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றை வாங்கி டிஸ்க்கை அதில் மாட்டினோம். கணினிக்குத் தடித்த கம்பியுள்ள கேபிள். விளக்கு அதற்குப் பிறகு சிமிட்டவில்லை. சர்வர் தொடங்கியதிலிருந்து ஒருமுறையாவது அழுத்தம் இறங்கியதா என்று கேட்டால் சொல்லும் கட்டளை ஒன்று இந்தக் கணினியில் உண்டு. விளக்கு அணைந்ததை யாரும் பார்க்காவிட்டாலும் அது நினைவில் வைத்திருக்கும். முப்பத்தைந்து டாலர் கருவியில் இதை வைக்க நினைத்தவர்களுக்கு நான் நன்றி உள்ளவன்.

பிளேயர் அப்போது வைஃபையில் இருந்ததால், காற்றைப் பற்றியும் நிறையச் சொல்ல வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றையொன்று தொடாத சானல்கள் 1, 6, 11 என மூன்றுதான். எங்கள் அடுக்ககத்திலும் எதிர் அடுக்ககத்திலும் உள்ள ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள் இருக்க வேண்டும். ஒரே சானலில் இருப்பவை ஒன்றை ஒன்று கேட்கும்; யாராவது பேசினால் மற்றவை பேசாது, முடிந்தபின் ஒரு சிறு தற்செயலான இடைவெளி விட்டுத் தொடங்கும். நெரிசல் இல்லாத இடம் என்று நினைத்து 3ஆம் சானலுக்குப் போகிறவர் 1இல் இருப்பவர்களுக்கும் 6இல் இருப்பவர்களுக்கும் புரியாத இரைச்சலாகிறார். அவர்கள் அவருக்கு இரைச்சலாகிறார்கள். முறை வைத்துப் பேசுவது அங்கே குலைகிறது. கூட்டமான சானலில் முறைக்காகக் காத்திருப்பது, காலியாகத் தெரியும் இடைச் சானலில் எல்லோரையும் கெடுப்பதைவிட மேல்.

முறை வைப்பதிலும் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. முறை என்பது பொட்டலத்துக்கு ஒன்று, நேரத்துக்கு அல்ல. 1,500 பைட் பொட்டலத்தை 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப மில்லிவிநாடியில் கால் பங்குகூட ஆகாது. தொலைவில், இரண்டு சுவர் தாண்டி, 1 மெகாபிட் வேகத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் பழைய போன் ஒன்றுக்கு அதே பொட்டலத்தை அனுப்ப 12 மில்லிவிநாடி ஆகும். ஆளுக்கொரு முறை கொடுத்தாலும் காற்றின் நேரத்தில் பெரும்பகுதியை மெதுவான ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மாலையில் வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். அன்றைய படங்களையும் வீடியோக்களையும் போன்கள் தாமாகவே மேலேற்றத் தொடங்குகின்றன. யாரும் எதையும் அழுத்தவில்லை. பெரியம்மாவின் தாளில் ஏழு மணியை ஒட்டிக் குறிப்புகள் கூடியிருந்ததற்கு இதுதான் காரணம் என்று நம்ப இடமிருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. பழைய வகை அடுப்புகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு பாதிச் சுற்றில் மட்டும் வீசும். நூறில் ஒரு பங்கு விநாடி கூச்சல், நூறில் ஒரு பங்கு அமைதி. குறுகிய பொட்டலங்கள் அந்த அமைதிக்குள் நுழைந்து போய்விடும், நீண்டவை அடிபடும்.

2019இல் வந்த பை 4இல் நெட்வொர்க்குக்கும் யுஎஸ்பிக்கும் தனித்தனி வழி கொடுத்தார்கள். யுஎஸ்பியும் 3.0 ஆனது. தனி வழி வந்ததும் மோதல் இடம் மாறியது. யுஎஸ்பி 3.0 இணைப்பில் விநாடிக்கு 5 கிகாபிட் ஓடும்போது எழும் அகன்ற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் மூடும் என்று இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கையில் அளந்து காட்டியிருந்தது. உறையில்லாத டிஸ்க் கேபிள் வைஃபை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருந்தால், டிஸ்க் படிக்கும்போதெல்லாம் காற்று மங்கும். பாட்டை எடுக்கும் செயலே பாட்டை அனுப்பும் வழியைக் கெடுக்கிறது. டிஸ்க்கைத் தள்ளி வைப்பது, நல்ல உறையுள்ள கேபிள், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஆகியவை இதற்குப் போதும். இந்தச் செய்தியை வைத்துப் பழைய பை 3ஐ நாங்கள் மாற்றவில்லை. அதன் மோதல்கள் எங்களுக்குத் தெரிந்தவை.

படத்துக்கு வரும் தடங்கல்களை நான் இங்கே நீட்டப்போவதில்லை. பெரும்பாலும் ஒரே காரணம்தான். டிவிக்குப் புரியாத வடிவில் ஃபைல் இருந்தால் சர்வர் அதை உடனுக்குடன் மாற்றித் தர முயலும். இந்தச் சிறு கணினியால் அது முடியாது. எழுத்துக்குப் பதிலாகப் பட வடிவில் சப்டைட்டில் இருந்தாலும் அதே கதி, அதைக் காட்சியோடு ஒட்டித் தர முழுப் படத்தையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். முன்கூட்டியே வேறு கணினியில் மாற்றி வைத்துவிட்டால் தீர்ந்தது.

இவ்வளவு பாடுபடுவதற்கு மாதச் சந்தா கட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சந்தாச் சேவைகளில் தடங்கல் குறைவு என்பது உண்மை. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012இல் சர்வதேசத் தரமான டாஷ் ஆகிய முறைகளில் ஒரே படத்தைப் பல தரங்களில் துண்டுதுண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். வழி குறுகினால் அடுத்த துண்டைத் தாழ்ந்த தரத்தில் எடுத்துக்கொள்ளும். நிற்காது, மங்கும். அவசரமாகப் பார்க்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு அது மிகச் சரியான தீர்வு. ஆலாபனைக்கு நான் அதை விரும்ப மாட்டேன். ஒரு கமகத்தின் ஓரத்தில் உள்ள நுண்ணிய அசைவு குறைந்த தரத்தில் கரைந்துபோனால் கரைந்தது யாருக்கும் தெரியாது. நின்றால் தெரியும், எழுந்து போய்ப் பார்க்கலாம். எங்கள் சர்வரிடம் ஒரே பிரதி, ஒரே தரம். முழுதாகத் தருகிறது, இல்லாவிட்டால் நிற்கிறது. தவிர, அட்டையில் பால்பாயின்ட் எழுத்தில் மட்டும் பெயர் உள்ள அந்தக் கலைஞர்கள் எந்தச் சந்தாவிலும் இல்லை. அவர்களை வைத்திருக்கும் பொறுப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. வைத்திருப்பதென்றால் பிரதி எடுத்து அலமாரியில் பூட்டுவதோடு முடிந்துவிடாது. ஒரு மாலையில் தடையில்லாமல் கேட்கத் தருவதும்தான்.

அண்மையில் பிளேயரை வைஃபையிலிருந்து விடுவித்தோம். வாடகை வீட்டுச் சுவரில் துளையிட முடியாது. கதவு நிலையை ஒட்டி, தரையோரமாகத் தட்டைக் கேபிள் ஒன்று போகிறது. காற்றின் பங்காளிகளிடமிருந்து பாட்டு விலகியது. தாள்களில் குறிப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. எப்போதாவது, விளக்கு வைக்கும் நேரத்தில், ஒத்தும் சேர்ந்து ஒரு கணம் போகிறது. சர்வர் லாகில் அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் டிஸ்க் சரி, மின்னழுத்தம் சரி; பிளேயர் மட்டும் ஒரு கணம் நெட்வொர்க்கை விட்டுவிட்டு மீண்டும் சேர்ந்ததாகப் பதிவு.

"அந்த ஃப்ரிட்ஜும் ஸ்பீக்கரும் ஒரே பிளக்குல இருக்கே, பாத்தியா?" என்றார் பெரியம்மா.

"அந்த நேரத்துல ஃப்ரிட்ஜ் ஓடுதான்னு கவனிச்சீங்களா பெரியம்மா?"

"ரெண்டு தடவ கவனிச்சேன். ரெண்டு தடவயும் அப்பதான் கிளம்புச்சு. ஆனா ரெண்டு தடவ போதாதுல்ல?"

பிளேயரின் அடாப்டரை வேறு சுவரில் உள்ள பிளக்குக்கு மாற்றிவிட்டோம். வேறு எதையும் தொடவில்லை. தாளில் இப்போது ஃப்ரிட்ஜுக்கென்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். மூன்று மாலை தாண்டாமல் அதன் கீழ் எதுவும் எழுதக் கூடாது என்று என்னையும் தடுத்துவைத்திருக்கிறார்.